மூன்றாவது விசில்

பிப்ரவரி 2, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதப்போகிறேன். பெரிய மனிதர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நானும் ஆகப்போகிறேன் என்பதால் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுவது நல்லது.

காலையில் முதலாளி தெய்வநாயகம் மேலாளர்கள் ஏழு பேரையும் கூப்பிட்டார். போன வருடம் நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவர் தினமும் நடக்கிறார். நடக்காதவர்களை இப்போது அவருக்குப் பிடிப்பதில்லை. ஜி.எம். மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு யார் என்று ஆறு மாதமாக அம்பத்தூர் தொழிற்பேட்டையே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. முதலாளி சொன்னார்:

"மே மூணு நம்ம நாயகம் குக்கருக்குப் பொறந்தநாள். அன்னிக்கு மாரத்தான் வைக்கிறோம். நாப்பத்திரண்டு கிலோமீட்டர். உங்கள்ல எவன் முழுசா ஓடி முடிக்கிறானோ அவன்தான் ஜி.எம். ரெண்டு பேர் முடிச்சா, முன்னாடி வர்றவன். தன் உடம்ப இழுக்கத் தெரியாதவன் கம்பெனிய எப்படிய்யா இழுப்பான்?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உடனே நிறுத்தினோம். மே மாதம் சென்னையில் மனிதன் நிழலுக்கு நிழல் தாவித்தான் நடப்பான் என்று எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த இடத்திலேயே ஐந்து பேருக்கு மூட்டுவலி வந்தது. மிச்சம் இரண்டு பேர். ஒருவன் மார்க்கெட்டிங் மெர்வின், வயது முப்பத்து நான்கு, தொப்பை கிடையாது, கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவன். இன்னொருவன் நான். பர்ச்சேஸ் மேனேஜர் தணிகாசலம், வயது ஐம்பத்தொன்று, தொப்பையைப் பற்றி இங்கே எழுத அவசியமில்லை.

இந்தக் கம்பெனியின் ஒவ்வொரு திருகாணியும் ரப்பரும் என் கையெழுத்தில் வாங்கியவை. எனக்குக் கீழே வேலை கற்றவர்கள் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட அறைகளுக்குப் போய்விட்டார்கள். ஸ்டோர் பக்கத்தில் இருக்கும் என் அறைக்குக் கதவே கிடையாது, திரைச்சீலைதான். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு வேண்டும். மறைக்காமல் எழுதுகிறேன், வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

ஷூ வாங்கினேன். கிளிப்பச்சை. என் மனைவி வேணி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்குங்க இது?" என்றாள்.

விடியற்காலையில் கொரட்டூர் ஸ்டேஷன்வரை ஓடுவதாகத் திட்டம். பால் பூத்வரை ஓடினேன். நம் ஊரில் விடியற்காலைக்குக்கூட வியர்க்கிறது. குளித்துவிட்டு வந்தும் வியர்த்தது. துவட்டிய துண்டுக்கும் வியர்த்திருந்தது.

வீட்டில் பருப்பு வேகவில்லை. "ஏங்க, உங்க கம்பெனி குக்கர்ல பக்கவாட்டுல ஆவி போவுது. வெயிட்டு எழும்பவே மாட்டேங்குது. தீவாளிக்கு மாத்துனீங்களே ஒரு ரப்பரு, அதுலேர்ந்துதான்" என்றாள். மூடியைச் சரியாகப் போடத் தெரியவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அந்த ரப்பர் புதிய சப்ளையருடையது. பழைய ஆளைவிட மலிவாகக் கிடைத்ததற்காக முதலாளி கையால் பாராட்டுச் சான்றிதழ் வாங்கி, ஹாலில் மாட்டியிருக்கிறேன். சப்ளையர் குணாளன் வேணியின் கூடப்பிறந்த தம்பி என்பது தற்செயல்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஓய்வு. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்று படித்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

அதே பகுதி.

மார்ச் 8, ஞாயிறு

மெர்வின் தினமும் ஓடிய பாதையைச் செல்போனில் படமாக எடுத்து, சூரியோதயத்தோடு சேர்த்து, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். முதலாளி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். நானும் அந்த ஆப்பை இறக்கினேன். என் பாதை டீக்கடையில் முடிச்சுப் போட்ட நூல்மாதிரி இருந்தது. அதைப் போடவில்லை.

நேற்று ஆப்பை நிறுத்த மறந்து ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். பாடி மேம்பாலம்வரை ஓடியதாகக் காட்டியது. தவறுதலாகக் குழுவிலும் போய்விட்டது. முதலாளி "சபாஷ்" என்று எழுதினார். மெர்வின் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டான். நாகரிகம் தெரியாதவன்.

மார்ச் 22, ஞாயிறு

வேணி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். குக்கர் ரப்பரைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் போட்டு எடுத்து உடனே மாட்டினால் இறுகிப் பிடிக்கிறதாம். ஒரு சமையல் தாங்குகிறது. அடுத்த வேளைக்கு மறுபடியும் ஃப்ரீசர். ஆக, ரப்பரில் குறை இல்லை. வைக்கிற இடம்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

முந்தாநாள் அலுவலகத்தில் மெர்வின் என் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தான். "சார், டீலருங்க கொஞ்சம் கம்ப்ளைன்ட் சொல்றாங்க. விசில் வரலையாம்."

"மூடத் தெரியாத கேஸுப்பா எல்லாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இந்த வருஷ சேல்ஸ் ஃபிகர வெச்சுதான் நான் நிக்கிறேன். மே மூணுவரைக்கும் நானும் வாயத் திறக்கல, நீங்களும் திறக்காதீங்க" என்றான். அவனிடமும் நல்ல குணங்கள் இருக்கின்றன.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோ இல்லாமல்.

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஏரிக்கரை திரும்பும் இடத்தில் மூச்சு சரியாகிவிட்டது. இருட்டு விலகிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கொக்குகள் நின்றன. ஒருவரும் கொட்டேஷன் கேட்கவில்லை, ஒருவரும் "சார்" என்று கூப்பிடவில்லை. சட்டை முழுக்க நனைந்து, ஷூவுக்குள் தண்ணீர் சளசளக்க, நான் சந்தோஷமாக இருந்தேன். ஜி.எம். நாற்காலி அந்தச் சில நிமிடம் ஞாபகத்திலேயே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். குளித்துக்கொண்டிருக்கும்போது விசில் கேட்டது. மூன்று விசில், ஒவ்வொன்றும் கணீரென்று. நம் குக்கர் இப்படிக் கூவி நான் கேட்டு வெகு நாளாயிற்று. வெளியே வந்து கேட்டேன். "பக்கத்து வீட்டுலங்க" என்றாள் வேணி. பக்கத்து வீட்டுக்காரர்கள் திருப்பதி போயிருக்கிறார்கள். காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். இப்போது ரயில்கள் எல்லாம் வேகம்.

பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

எங்கள் கம்பெனியில் குத்துவிளக்கு ஏற்றுவதில்லை. முதலாளி முதன்முதலில் செய்த குக்கரைப் பாடியில் ஒரு வாடகைக் கொட்டகையில் சோதித்தபோது, மூன்றாவது விசிலுக்கு முதல் வாடிக்கையாளர் உள்ளே வந்தாராம். அன்றிலிருந்து எந்த நல்ல காரியமானாலும் மேடையில் அடுப்பு மூட்டி, குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, மூன்று விசில் வந்த பிறகுதான் தொடங்கும். அவர் பேத்தி கல்யாணத்தில் மூன்றாவது விசிலுக்காகத் தவில்காரர் கையை ஓங்கியபடி நின்றதை நானே பார்த்தேன். மாரத்தானும் அப்படித்தான் தொடங்கப்போகிறது.

மேடைக்கு அண்டா அளவில் ஒரு குக்கர் செய்திருக்கிறார்கள். அதற்கான ரப்பர் குணாளனிடமிருந்து வந்தது. போன் செய்தேன்.

"டெஸ்ட் பண்ணியாடா?"

"மாமா, விசிலுதான மாமா. அது என்ன ராக்கெட்டா?"

ஸ்டோரில் பழைய சப்ளையரின் ரப்பர் ஒன்று, அதே அளவில், தூசி படிந்து தொங்குகிறது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இதை மாட்டினால், "புதுசு இருக்க பழசு ஏன்?" என்று யாராவது கேட்பார்கள். புதியது எல்லா வகையிலும் மேலானது என்று எழுதிக் கொடுத்தவன் நான். இருந்த ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டேன்.

மே 2, சனி

எல்லாம் தயார். கிளிப்பச்சை ஷூவுக்கு வேணி குங்குமம் வைத்தாள். மோர் எடுத்துக்கொண்டு, ஓட்டம் தொடங்கும் தீவுத்திடலுக்கு நேரே வந்துவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வருவாள்.

மே 3, ஞாயிறு

முடிந்தது. பேனா பிடிக்க முடியவில்லை.

மே 5, செவ்வாய்

இன்று உட்கார முடிகிறது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வெயிலுக்கு முன்னால் ஓடிவிட வேண்டும் என்று விடியற்காலை நான்கரைக்குத் தொடக்கம் வைத்திருந்தார்கள். சரியான யோசனை. ஆனால் தலைமை விருந்தினர் வர வேண்டுமே. ஒரு காலத்தில் கதாநாயகி, இப்போது டி.வி.யில் சமையல் போட்டிக்கு நடுவர். ஒப்பனை முடிந்து அவர் வந்து சேர ஆறேகால். பிறகு பொன்னாடை. அவருக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, முதலாளிக்கு டீலர் சங்கத்திலிருந்து தனியாக ஒன்று. அந்தப் புழுக்கத்தில் கழுத்தில் விழுந்த ஒவ்வொரு சால்வையையும் பெரியவர்கள் புன்னகையோடு தாங்கினார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை. தொழிலாளர்களும் டீலர்களுமாக நானூறு பேர் நின்ற இடத்திலேயே குதித்து உடம்பைச் சூடாக்கி, சூடாகி, களைத்து உட்கார்ந்தார்கள்.

ஏழு மணிக்கு அம்மையார் அடுப்பை மூட்டினார். நாதஸ்வரம். கைதட்டல். பிறகு ஒன்றுமில்லை.

குக்கரின் பக்கவாட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி போய்க்கொண்டே இருந்தது. வெயிட் அசையவில்லை. "இன்னும் சில நொடிகளில்" என்று அறிவிப்பாளர் சொன்னார். பலமுறை சொன்னார். சூரியன் நேராக எங்கள் முகத்தில் வந்து நின்றது. விசில் இல்லாமலே தொடங்கிவிடலாம் என்று அங்கே சொல்லக்கூடியவர் முதலாளி ஒருவர்தான். அவர் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். செல்போனில் விசில் சத்தம் போடலாமா என்று ஒருவர் காதில் கேட்டார். முதலாளி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். கேட்டவர் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். போக்குவரத்து இன்ஸ்பெக்டர் வந்து, "சார், எவ்ளோ நேரம் ரோட்ட புடிச்சு வெக்கிறது? வேணும்னா நான் ஒரு விசில் அடிக்கட்டுமா?" என்றார். அதுவும் எடுபடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மருத்துவக் கூடாரத்தில் பெட்டி பெட்டியாக ஐஸ் இருந்தது. பத்து நிமிட வேலை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். அவிழ்த்து மறுபடி கட்டினேன். பக்கத்தில் நின்ற மெர்வின் உதட்டை அசைக்காமல், "உங்க ரப்பர், சார்" என்றான். "உன் சேல்ஸ்" என்றேன்.

அப்போது மேடைப்படியில் ஒரு புடவை தெரிந்தது. கையில் மோர்த் தூக்கு. வேணி.

மைக் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "ஐயா, அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. அந்த ரப்பரக் கழட்டி ஐஸ்ல பத்து நிமிஷம் போடணும். அப்பதான் புடிக்கும்."

முதலாளி கண்ணைத் திறந்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தீவாளிலேர்ந்து எங்க வீட்ல இதே கததாங்க. எங்க வீட்டுக்காரருதான இத வாங்குறாரு. அதோ நிக்கிறாரு பாருங்க, பச்ச ஷூ."

மோர்த் தூக்காலேயே என்னைக் காட்டினாள். அவள் முகத்தில் கள்ளம் இல்லை. நானூறு பேர் வெயிலில் வேகிறார்களே என்று உதவிக்கு ஏறியிருக்கிறாள், அவ்வளவுதான். நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரப்பர் ஐஸில் குளித்து வந்தது. மாட்டினார்கள். அடுப்பு. முதல் விசில். ஒருவரும் கைதட்டவில்லை. முதலாளி குக்கரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது விசில். ஏதாவது பேச வேண்டுமே என்று வேணிக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எந்தம்பிதாங்க செய்றான். நல்ல புள்ளதான், கொஞ்சம் அவசரக்காரன்" என்றாள் மைக்கில்.

முதலாளி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் படியில் கால் வைத்தார்.

மூன்றாவது விசில் வந்தது. ஓடினேன்.

என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. கலங்கரை விளக்கம் தாண்டித்தான் திரும்பிப் பார்த்தேன். மெர்வின்கூடப் பின்னால் புள்ளியாகத் தெரிந்தான். அடையாறு வந்தபோது மூச்சு போய்விட்டது. திருவான்மியூரில் மெர்வின் என்னைத் தாண்டினான். பாலவாக்கத்தில் அவன் ஒரு மரத்தடியில் இரண்டு கால்களையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் தாண்டினேன். பாதிப்பேர் ஆம்புலன்ஸில் போனார்கள், மீதிப்பேர் பஸ்ஸில் போனார்கள். தார் ஷூவைப் பிடித்து இழுத்தது. காற்றே இல்லை, கடல் பக்கத்திலேயே இருந்தும் இல்லை. வாசலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குழாயை என் தலைப்பக்கம் திருப்பினாள். ஒரு ஆட்டோக்காரர் கூடவே உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏறிக்கோ நைனா. யாரும் பாக்கல."

"எனக்குத் திரும்பிப் போக அவசரம் இல்லப்பா."

அக்கரையில் பாதி தூரம். அங்கே திரும்ப வேண்டும். ஒரு தன்னார்வலர் என் மணிக்கட்டில் அடையாளத்துக்கு ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினார். அது நன்றாகவே பிடித்தது. அப்போதுதான் உறைத்தது. போன வழியிலேயேதான் திரும்ப வேண்டும், போய் நிற்பதும் அதே மேடையில்தான். நேரே மகாபலிபுரம் போய்விடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். கால்கள் அந்தப் பக்கம் நான்கு அடி வைத்தன. பஸ்ஸுக்குக்கூடப் பையில் காசில்லை. திரும்பினேன். அதன் பிறகு ஓட்டம் என்று சொல்ல முடியாது, நகர்ந்தேன்.

திருவான்மியூரில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வேணி இறங்கினாள். மோரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள்.

"நான் எதனா தப்பாப் பேசிட்டனாங்க? எல்லாரும் என்னையே பாத்தாங்க."

"இல்ல."

கொஞ்ச தூரம் கூட நடந்தாள்.

"வேணி, அன்னிக்கு விசில் வந்தது பக்கத்து வீட்ல இல்லதான?"

"இல்லீங்க. பரண்மேல வேற குக்கரு ஒண்ணு வெச்சிருக்கேன். நீங்க ஆபீசு போனதும் எறக்குவேன்."

"எந்தக் கம்பெனி?"

சொன்னாள். எங்கள் பரம வைரி.

"நல்லா வேகுதா?"

"மூணே விசிலு."

அந்த இடத்தில்தான் எனக்கு வெட்கம் வந்தது. மேடையில் வந்தது பயம். இது வேறு. பல வாரங்களாக என் வீட்டுக்காரி, என் மனம் நோகக் கூடாது என்று, சாமான்களைத் தாண்டிப் பரணுக்கு ஏறி இறங்கியிருக்கிறாள். நான் பருப்பைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

தீவுத்திடலுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கியாயிற்று. ஒன்றே ஒன்று மிச்சம், அதில் முதலாளி. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். மெர்வின் ஐஸ் பெட்டியில் கால்களை வைத்துக்கொண்டிருந்தான். முழுத் தூரமும் கடந்தவன் நான் ஒருவன்தான்.

முதலாளி எழுந்து வந்தார். தன் தோளில் கிடந்த சால்வைகளில் ஒன்றை எடுத்து எனக்குப் போர்த்தினார். "நாயகம் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான். நீதான் ஜி.எம்." என்றார். குரலில் மகிழ்ச்சி துளியும் இல்லை.

அழுதேன். எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை.

மே 6, புதன்

கண்ணாடிக் கதவு. ஏ.சி. சுழல் நாற்காலி. உட்கார்ந்ததும் கால் பிடித்துக்கொண்டது.

மேசையில் முதல் கோப்பு தயாராக இருந்தது. தரமற்ற ரப்பரை உறவினரிடம் வாங்கியது குறித்து பர்ச்சேஸ் மேனேஜர் திரு. தணிகாசலத்திடம் விளக்கம் கேட்கும் மெமோ. கீழே ஜி.எம். கையெழுத்துக்கு இடம். முதலாளி போனில் வந்தார்: "புது ஆள் வர்றவரைக்கும் பர்ச்சேஸும் நீதான். ஏழு நாள் டயம் குடு. கறாரா இருக்கணும், தெரிஞ்ச ஆளுன்னு பாக்காத."

கையெழுத்துப் போட்டேன். மெதுவாக நடந்து ஸ்டோர் பக்கம் போய், திரைச்சீலையை விலக்கி உள்ளே உட்கார்ந்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.

மே 8, வெள்ளி

என் விளக்கத்தைப் படித்துப் பார்த்தேன். திருப்திகரமாக இல்லை. அப்படியே குறிப்பெழுதி மேலே அனுப்பினேன்.

கண்ணாடிக் கதவில் ஒரு குறை. வெளியில் இருப்பவர்களுக்கு உள்ளே எல்லாம் தெரிகிறது.

மே 9, சனி

தண்டனை என்னவென்று ஜி.எம். பரிந்துரைக்க வேண்டுமாம். எழுதினேன்: தீபாவளிக்குப் பிறகு விற்ற எல்லா குக்கருக்கும் பழைய சப்ளையரின் ரப்பரை பர்ச்சேஸ் மேனேஜர் சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே மாற்றித் தர வேண்டும். முதலாளி படித்துவிட்டு, "சென்னைல ஆரம்பி. நடக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் இருக்க" என்றார். அவர் சிரித்தமாதிரி இருந்தது. நான் சிரிக்கவில்லை.

குணாளன் போன் செய்தான். "மாமா, நீங்கதான ஜி.எம்.? எதனா பாத்து செய்யுங்க மாமா." பார்த்துச் செய்தேன். ஆர்டரை ரத்து செய்தேன்.

மே 10, ஞாயிறு

பை நிறைய ரப்பர் வளையங்கள். முதல் வீடு எங்கள் வீடுதான். ஹாலில் மாட்டியிருந்த சான்றிதழ் காணவில்லை. அந்த ஆணியில் வேணி குணாளனின் ரப்பரை மாட்டியிருந்தாள்.

நாயகம் குக்கரை எடுத்துத் துடைத்து, ரப்பரை என் கையாலேயே மாட்டினேன். துவரம்பருப்பு, மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். அடுப்பில் ஏற்றினாள். வியர்க்க வியர்க்க இரண்டு பேரும் பக்கத்தில் நின்றோம். பக்கவாட்டில் ஆவி இல்லை. முதல் விசில் கணீரென்று வந்தது. இரண்டாவது வந்தது.

மூன்றாவது விசில் வந்ததும் என் கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பிவிட்டன. வேணி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாப்ட்டுட்டு ஓடுங்க."